அஞ்சாம் நம்பர் ஆடு

மூணுகல்லுத் தோட்டத்தில் ஆடு கிடையாது. தோட்டத்து ஆபிஸில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே போன மாசி மாதம் பள்ளத்து லயத்தில் மீனம்மாவின் செவலை ஆடும், அடுத்த பத்தாம் நாள் மறையி ஆடும் குறைமாதத்தில் செத்த குட்டிகளைப் போட்டது, நிர்வாகத்தைப் பொறுத்தவரை நடக்காத விஷயம்.

மீனம்மாவுக்கு அது நடந்த விஷயம்தான். முப்பது வருடமாக அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறிக்கிறவள் அவள். புருஷன் செல்லசாமி கொழும்பில் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறான். லயத்து வரிசை வீடுகளில் அவள் குடியிருக்கும் காம்பராவின் பின்சுவரோடு ஒட்டிய கொட்டிலில் செவலை, மறையி, கொம்பில்லாத மோழை என்று மூன்று பெட்டைகளும் ஒரு கிடாவும் நிற்கின்றன. ஆடு போனால் இன்னொரு ஆடு பிடித்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடியவள்தான். அவளை உலுக்கியது வேறு சங்கதி.

மகள் சுதர்ஷினி தலைப்பிள்ளை உண்டாகி மூன்று மாதம். நோட்டன் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த இடத்தில் வாந்தி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். செவலை குட்டி போட்ட நேரம் மீனம்மா மலையில் இருந்தாள். சுதர்ஷினிதான் அந்தச் செத்த குட்டிகளை வெறுங்கையால் அள்ளி, உரப் பையில் சுற்றிப் புதைத்து, கொட்டிலையும் கழுவிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து, பொழுது சாயும்போதெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. விடிந்தால் வேர்த்து விட்டுவிடும். முழங்கால் குடைந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில், தலைச்சன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் மீனம்மா பஸ் நிற்கும் ஹோல்ட் சுவரில் அந்த போஸ்டரைப் பார்த்தாள். ஓர் ஆட்டைக் கட்டியணைத்தபடி ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ‘உங்கள் ஆடு கருச் சிதைக்கிறதா? அதே கிருமி கர்ப்பிணித் தாய்மாரையும் தாக்கலாம். உடனே எம்மை நாடுங்கள்’ என்று போட்டிருந்தது. போன் நம்பர் இருந்த இடத்தின்மேல் யாரோ டியூஷன் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மீனம்மாவுக்கு உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் நடக்கத் தோன்றியது. மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய் இறங்கினாள்.

போஸ்டர் ஒட்டியவர்களின் முழுப்பெயர் ‘மத்திய மலைநாட்டு அசைபோடும் பிராணிகள் சுகாதார அதிகார சபை’. பெயர்ப் பலகை நீளம் போதாமல் சுவர் திரும்பும் இடத்தில் மடங்கிப் போயிருந்தது. ஜனங்கள் அதை ஆட்டாபிஸ் என்று சொல்லிக் காலத்தை மிச்சம் பிடித்தார்கள். உள்ளே ஒரு சீமெந்து ஆடு நின்றது. அதற்குப் பின்னால் சூசைரட்ணம் என்கிற எழுதுவினைஞர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். தன் வேலையில் பத்து வருடம் தேய்ந்தவர். மீனம்மா சொன்னதை முழுவதும் கேட்டு, இரண்டு தடவை உச்சுக்கொட்டி, ஒரு படிவத்தை எடுத்தார்.

“ஆட்டோட விலாசம் என்னங்க?”

“பள்ளத்து லயம், ஏழாம் காம்பராங்க.”

“அது ஒங்க விலாசம். ஆட்டுக்கு?”

“ஆட்டையும் அங்கதாங்க கட்டியிருக்கேன்.”

“நீங்க சொல்றீங்கம்மா. தோட்டம் சொல்லணும்ல? நாளைக்கி ஆடு பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருச்சின்னு வைங்க, கிருமிய எந்த மாவட்டத்துல காட்டுறது? துரைகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. சீல் முக்கியம். சீல் இருந்தா கடுதாசி, இல்லாட்டி அது வெறும் தாள்.”

“ஐயா, எம் மக முழுகாம இருக்கா. காச்ச வருது. அதுக்குத்தாங்க ஓடியாந்தேன்.”

“பொம்பளைங்க நமக்கு வராதும்மா. நமக்கு அசைபோடுறது மட்டுந்தான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அதுவும் நியாயம்தான் என்று மீனம்மாவுக்குப் பட்டது. ஆட்டைச் சுற்றி வளைப்பானேன்? மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பிணிகள் கிளினிக்கில், சுதர்ஷினியின் கார்டு நோட்டன் பிரிட்ஜில் பதிந்தது, இங்கே பார்க்க முடியாது என்றார்கள். தாய் வீட்டுக்கு வந்த பிள்ளை என்று மீனம்மா சொன்னாள். கார்டும் தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரம் கெஞ்சியபின் டொக்டர் பார்த்தார். இளவயது, தூங்காத கண். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் வரும் நேரத்தைக் கேட்டார், ஆட்டுக் குட்டியை அள்ளிய கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தக் கிருமியா இருக்கலாம்மா. இருந்தா ஆறு வாரம் மாத்திர எடுக்கணும். பிந்தினா புள்ள தங்காது.”

“அப்ப எழுதிக் குடுங்கையா.”

“அதுதான் முடியாம இருக்கு. இந்த மாவட்டத்துல அந்த நோய் இல்லேன்னு ஆட்டாபிஸ் எங்களுக்கு எழுதியிருக்காங்க. அதனால அந்த டெஸ்டும் இங்க இல்ல, பெரிய டொக்டர் அந்த மாத்திரைக்குக் கையெழுத்தும் வைக்க மாட்டாரு. கடும் மாத்திர. ஒங்க வூட்டு ஆடு ஒன்னுக்கு நோய் இருக்குன்னு ரிப்போட் கொண்டு வாங்க. அன்னைக்கே தொடங்கிறேன்.”

ஆக, ஆட்டைச் சுற்றித்தான் வளைய வேண்டியிருந்தது. மீனம்மா தோட்டத்து ஆபிஸுக்கு ஓடினாள்.

பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் காலையில் மீனம்மா வீட்டு ஆட்டுப் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் ஆபிஸுக்கு வருகிறவர். அவருக்கு நெஞ்சுச் சளி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “ஆடா? இந்தத் தோட்டத்துல ஆடு இல்லியே மீனம்மா.”

“ஐயா, காலையிலதான பால் அனுப்பினேன்.”

“பால் இருக்கு. ஆடு இல்ல.”

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரையின் ரோஜாச் செடியை ஆடு தின்றுவிட்டது. அவன் ஆத்திரத்தில், இனித் தோட்டத்தில் ஆடு இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். ஆடு தேயிலையைத் தின்னாது என்பது ஆட்டுக்கும் தெரியும், அவனுக்குப்பின் வந்த அத்தனை துரைமாருக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. லயத்துக்கு லயம் ஆடு கத்துகிறது. துரை ஜீப்பை நிறுத்தி, ஆடு கடந்து போகும்வரை காத்திருந்து, ஆடில்லாத தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு பங்களாவுக்குப் போகிறார்.

“ஆடு இருக்குன்னு நான் கடுதாசி எழுதினா, இவ்வளவு நாளா அத ஏன் புடிக்கலேன்னு கொழும்புல கேப்பான். ஆடு இல்லேன்னு வேணும்னா எழுதித் தாறேன்.”

மீனம்மா அந்த இடத்திலேயே அழுதாள். ஆத்திரத்தில் அழுதாள். முத்துலிங்கம் மனம் இளகக் கூடியவர், முக்கியமாகப் பால் நின்றுவிடுமோ என்ற பயம் வந்தால். அலுமாரியைத் திறந்து, பழைய பேரேடுகளைப் புரட்டி, கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம்.

ஃபெக்டரியில், இயந்திரச் சக்கரமான ரோதையைக் காக்கும் ரோதமுனிக்கு வருடா வருடம் கிடா வெட்டுவார்கள். வெட்டாவிட்டால் ரோதை யாராவது ஒருவரின் கையைக் கேட்கும் என்பது துரை முதற்கொண்டு எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஆடே இல்லாத தோட்டத்தில் கிடாவை எப்படி எழுதுவது? முன்பிருந்த ஒரு கிளாக்கர் அதற்கு வழி கண்டிருந்தார். ‘இயந்திர உதிரிப் பாகம், கறுப்பு, ஒன்று’ என்று ஸ்டோர் புத்தகத்தில் பதிந்து வைத்தார். நாற்பது வருடமாக அப்படியே பதிந்து வருகிறார்கள்.

அன்று மாலை மீனம்மாவின் கையில் கடிதம் இருந்தது. ‘மேற்படி தொழிலாளியின் பொறுப்பில் நான்கு உதிரிப் பாகங்கள் இருப்பதையும், அவற்றுள் இரண்டு அண்மையில் கருச் சிதைந்துள்ளதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ துரை ஜீப்பில் ஏறும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வட்ட சீல், ஊதா மை.

சூசைரட்ணம் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து சீலைப் பார்த்தார். “அருமையான சீல்மா,” என்றார். படிவத்தோடு சேர்த்துக் குத்தி, உள்ளே அனுப்பினார்.

அதற்குப்பின் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மீனம்மா மலையில் நின்றபடி பள்ளத்தில் தெரியும் ரோட்டையே பார்த்தாள். கங்காணி இரண்டு தரம் சத்தம் போட்டான், முற்றல் இலையெல்லாம் கூடையில் வருகிறதாம். சுதர்ஷினிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். இரவில் மகள் புரண்டு படுத்தால் மீனம்மா எழும்பி உட்கார்ந்துகொள்வாள். பாவம், யாரிடம் போய் என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. அதிகார சபை தொடங்கிய பதினொரு வருடத்தில் ஓர் ஆட்டைச் சோதிக்கச் சொல்லி வந்த முதல் விண்ணப்பம் இதுதான். சும்மா போய் ஊசி குத்திவிட்டு வருகிற காரியமா? சபையின் மேலதிகாரியான பணிப்பாளர் நாள் பார்த்தார். பேனர் அடித்தார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் பந்தல் போட்டு, குத்துவிளக்கு வைத்து, தப்புச் செட்டுக்குச் சொல்லி, நான்கு ஆட்டுக்கும் மாலை வாங்கினார்கள். மோழை தன் மாலையைத் தின்று முடித்து, மறையியின் மாலையையும் தின்றது. அதற்கும் வயிற்றில் குட்டி, பசி பொல்லாதது.

காலை ஒன்பது மணிக்குக் கட்டிய ஆடுகள் வெயிலில் நின்றன. பணிப்பாளர் பதினொரு மணிக்கு வந்தார். போஸ்டரில் சிரித்த அதே மனிதர். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த அதிகார சபையின் பதினொரு வருட வரலாற்றில், இந்த மாவட்டத்தில் நோயுள்ள ஆடு ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இது சும்மா கிடைத்த வெற்றியல்ல. கட்டுப்பாட்டினால் கிடைத்தது. அவசியமில்லாமல் ஓர் ஆட்டைக்கூட நாங்கள் சோதித்ததில்லை. அயல் மாவட்டத்தில் அவசரப்பட்டுச் சோதித்தார்கள். என்ன நடந்தது? நோய் வந்துவிட்டது!”

எல்லோரும் கைதட்டினார்கள். மீனம்மாவும் தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் தட்டும்போது சும்மா இருப்பது எப்படி?

பணிப்பாளர் தன் கையாலேயே ரத்தம் எடுத்தார். படம் சரியாக விழவில்லை என்று செவலைக்கு மூன்று முறை குத்தினார். நான்கு ரத்தக் குழாய்களையும் வெற்றிலைத் தட்டில் அடுக்கி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். ஹட்டனிலிருந்து வந்திருந்த ஷிராணி என்கிற ஆய்வுகூடப் பிள்ளை மெதுவாகக் கிட்டே போய், “சேர், இத ஐஸ்ல வைக்கணும்,” என்றாள். ஐஸ் பெட்டியில் அதிதிகளுக்கான சோடா இருப்பதாகவும், அவர்கள் குடித்து முடித்ததும் இடம் தருவதாகவும் பணிப்பாளர் சொன்னார். அதற்குப்பின் இன்னும் நான்கு பேர் பேசினார்கள்.

ஷிராணி தண்ணீர் கேட்கிற சாக்கில் ஏழாம் காம்பராவுக்கு வந்தாள். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். இஸ்தோப்புத் திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுதர்ஷினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மீனம்மா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“அக்கா, அந்த நாலு ரத்தமும் இந்நேரம் கெட்டுப் போயிருக்கும். அதுல ஒன்னும் வராது. இன்னொருக்கா கேட்டா இன்னொரு பந்தல் போடணும்பாங்க.”

“அப்ப எம் மக மிஸ்?”

ஷிராணி வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “நாங்க போடுறது ஒரு சொட்டு மருந்து. ரத்தத்தோட சேத்தா தெரியும். அது யாரோட ரத்தம்னு அந்த மருந்துக்குத் தெரியாதுக்கா. ஆனா ஆட்டு நம்பர் இல்லாத ரத்தத்த லேப்ல எடுக்க மாட்டாங்க.”

“அப்ப அஞ்சாம் நம்பர் போடுங்க மிஸ்.”

“அம்மா!” என்றாள் சுதர்ஷினி.

“சும்மா இருடி. ஆஸ்பத்திரியில நீ நோட்டன் பிரிட்ஜ் ஆளு. இங்க ஆடாயிருந்தா கூடப் பாக்குறாங்கள்ல?”

ஷிராணி தன் கைப்பையிலிருந்து புது ஊசி எடுத்தாள். ரத்தத்தைத் தன் சாப்பாட்டுப் பையில் இருந்த ஐஸ் போத்தலோடு சேர்த்துக் கட்டினாள். அவளுடைய வேலைக்கே உலை வைக்கிற காரியம். பிறகு இருவரும் படிவத்தை நிரப்பினார்கள். இனம், ஆடு. பால், பெண். நிறம், மாநிறம். கொம்பு, இல்லை. சினை, நான்கு மாதம். முன் ஈற்று, இல்லை. பல், முப்பத்திரண்டு.

“அதுல மாட்டிக்குவோமா மிஸ்?”

“இல்லக்கா. ஆட்டுக்கும் முப்பத்திரண்டுதான்.”

பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம், மீனம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றபோது ஷிராணியின் போன் வந்தது. நாலு ரத்தமும் சோதனைக்குத் தகுதியில்லை என்று வந்துவிட்டது. ஐந்தாவதில் கிருமி இருக்கிறது.

“ரிப்போட்ட வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. ஒரு நாளும் பிந்தாதீங்க. அந்த மூனு பெட்டையையும் தனியா கட்டுங்க, குட்டி போட்டா வெறுங்கையால தொடாதீங்க.”

மீனம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆட்டாபிஸில் கல்யாண வீட்டுக் களை. மாவட்டத்தின் முதல் நோயுள்ள ஆட்டைக் கண்டுபிடித்தாகிவிட்டது. பதினொரு வருடம் ஏன் ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை என்று இனி யாரும் கேட்க முடியாது. பணிப்பாளருக்குக் கொழும்பிலிருந்து பாராட்டு வந்திருந்தது. சூசைரட்ணம் அவளுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்.

“ரிப்போட்ட குடுங்கையா.”

“ஆட்ட அழிச்சதும் தருவோம்மா. மொதல்ல அழிப்புச் சான்றிதழ், பொறகு ரிப்போட்.”

“எதுக்குங்க அப்பிடி?”

“ஆட்ட அழிக்காம ரிப்போட்ட குடுத்தா, ஆடும் வெளிய இருக்கும், ரிப்போட்டும் வெளிய இருக்கும். ரெண்டுல ஒன்னுதாம்மா வெளிய இருக்கலாம். சட்டம்.”

மீனம்மா கேக்கை மேசையில் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “ஐயா, அஞ்சாம் நம்பரு ஆடு இல்லீங்க. அது எம் மக.”

சூசைரட்ணம் படிவத்தை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். “இதுல ஆடுன்னு போட்டிருக்கேம்மா.”

“நாங்கதாங்க அப்பிடிப் போட்டோம்.”

“சீலும் வச்சிருக்கு.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “சீல் வச்ச பொறகு மாத்துறதுன்னா இனமாற்றத் திருத்தக் குழுவுக்குத்தான் எழுதணும். போன தடவ ஒரு மாட்ட எருமையா மாத்தினாங்க, ஒன்னரை வருசம் போச்சு. ஆட்ட மனுசராக்கணும்னா அடுத்த கூட்டத்துல பேசலாம். ஆவணியில கூடுவாங்க.”

ஆவணியில்தான் சுதர்ஷினிக்குப் பேறு மாதம்.

இரண்டு நாள் கழித்து அழிப்புக் குழு வந்தது. இந்தத் தடவை பேனர் இன்னும் பெரிது. ‘மாவட்டத்தின் முதல் ஆடு’ என்று போட்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டை, மண்வெட்டி, ஊசி, கேமரா, தப்புச் செட்டு. லயத்துக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். துரை வரவில்லை. ஆடில்லாத தோட்டத்தில் ஆடு அழிக்கிற இடத்தில் அவர் நிற்பது முறையில்லை என்று முத்துலிங்கத்தை அனுப்பியிருந்தார். முத்துலிங்கம் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

பணிப்பாளர் ஆடுகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். “ஐந்தாவது எங்கே?”

சுதர்ஷினி இஸ்தோப்பிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

“நாந்தாங்க அஞ்சாவது,” என்றாள்.

தப்புக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஷிராணி தலையைக் குனிந்துகொண்டாள். பணிப்பாளர் படிவத்தைப் பார்த்தார், சுதர்ஷினியைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். நிறம் மாநிறம். சினை நான்கு மாதம். அவர் மடையர் இல்லை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மீனம்மாவின் தோளில் கை வைத்து, கொட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“அம்மா, நான் கோபக்காரன் இல்லை. நீங்கள் பட்ட கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னிடம் உண்மையைச் சொல்லாதீர்கள். உண்மையைச் சொன்னால் அதை நான் எந்தக் கோவையில் போடுவது? கொழும்புக்கு ஆடு கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டேன். அவர்கள் பாராட்டியும் விட்டார்கள். இனி எனக்கு வேண்டியது ஓர் ஆடு. பெண், சினை, கொம்பில்லாதது.” அவர் கண் கொட்டிலுக்குள் போய் நின்றது. “அதோ நிற்கிறதே.”

மோழை நின்றது. மூன்று பெட்டைகளில் கரு அழியாமல் இருந்தது அது ஒன்றுதான். நாலாம் மாதம். வயிறு இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது.

“அதுக்கு ஒன்னும் இல்லீங்க ஐயா. நல்ல ஆடு.”

“நோய் இருக்கிறதா என்று யார் கேட்டது? படிவத்தோடு பொருந்துகிறது. நீங்கள் விரும்பாவிட்டால் நாங்கள் திரும்பிப் போகிறோம். அந்த ரிப்போட் ஆபிஸில் பத்திரமாக இருக்கும்.”

மீனம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். சாயந்திரம் ஆகிக்கொண்டிருந்தது. சுதர்ஷினியின் மேலுதட்டில் வேர்வை அரும்பி, பற்கள் இலேசாக அடித்துக்கொண்டிருந்தன. இத்தனை நாள் ஓடிய கால்கள் இப்போது அசைய மறுத்தன. பிறகு அசைந்தன. அவளே கொட்டிலுக்குள் போனாள். அவிழ்க்க வராமல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். மோழை தீனிக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கயிற்றை இழுக்கவே விடாமல் அவளுக்கு முன்னால் நடந்தது.

ஊசி போட்டது ஷிராணி இல்லை. அவள் மாட்டேன் என்று வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பணிப்பாளர் போட்டார், இந்த முறை முதல் தடவையிலேயே படம் சரியாக விழுந்தது. சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். தப்பு அடித்தார்கள். அவர் ஒலிபெருக்கியில், இந்த மாவட்டம் இந்த நிமிடத்திலிருந்து மீண்டும் நோயற்ற மாவட்டம் என்று அறிவித்தார். இனிச் சோதனை தேவைப்படாது என்றும் சொன்னார். பிறகு மீனம்மாவின் கையில் ரிப்போட்டைக் கொடுத்தார். அதன்மேல் குறுக்காகச் சிவப்பு மையில் ‘அழிக்கப்பட்டது’ என்று அடித்திருந்தது.

ஷிராணி வண்டிக் கண்ணாடியைத் திறந்து, “நாளைக்கு மொத பஸ்ஸ விடாதீங்கக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் இருந்தார். ரிப்போட்டை வாங்கி, எழுந்து ஜன்னலோரம் போய் வாசித்தார். பெண், சினை, முப்பத்திரண்டு பல், கிருமி உண்டு, அழிக்கப்பட்டது. மீனம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஆட்ட அழிச்சிட்டாங்களா?”

“அழிச்சிட்டாங்க ஐயா.”

“நல்ல காலம். அது உசிரோட நின்னிருந்தா ஒங்க மகளுக்கு ஆபத்து.”

சுதர்ஷினி கதிரையில் நெளிந்தாள். மீனம்மா, “ஆமாங்க,” என்றாள்.

அவர் ரிப்போட்டைப் பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவந்தார். ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். ஒருநாளும் விடக் கூடாது என்றார், நேரத்தோடு வந்ததால் பிள்ளைக்குப் பயமில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பஸ் ஏறி இறங்கினாள் என்று மீனம்மா நினைத்துப் பார்த்தாள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு உட்கார முடிந்தது.

பஸ்ஸில் சுதர்ஷினி முதல் மாத்திரையைத் தண்ணியில்லாமல் விழுங்கினாள். வளைவுகளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கரப்பத்தனை கிட்டும்போது கேட்டாள்.

“மோழ வயித்துல எத்தன குட்டிம்மா இருந்துச்சி?”

மீனம்மாவுக்குத் தெரியும். அவிழ்க்கிற அன்று காலையில்கூட வயிற்றைத் தடவிப் பார்த்திருந்தாள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, இரண்டும் கையை உதைத்தன.

“அது சினையே இல்லடி,” என்றாள். “சும்மா தின்னு கொழுத்து நின்னுச்சி.”

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகளுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோட்டத்துச் சந்தி வரும்வரை அழுதாள்.